பச்சரிசி தின்னும் ஆசையும் தையல் பயிற்சிக் கட்டணமும்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 36 வயது. பள்ளத்தூர் பக்கம் ஒரு கிராமம். எட்டாவது வரை படித்தேன். வீட்டுக்காரர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறைக்குப் போகிறார். முதுகுவலி வந்த பிறகு மாதத்தில் பாதி நாள்தான் வேலை. நான் காரைக்குடியில் ஒரு பலகார வீட்டில் கை முறுக்கு சுற்றுகிறேன், சீப்புச் சீடை செய்கிறேன். கல்யாண மாதங்களில் ராத்திரியும் வேலை இருக்கும், மற்ற மாதங்களில் பல நாள் சும்மா இருப்பேன். இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய் கிடைத்தால் பெரிது.

மூத்தவள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். பிளஸ் டூ சயின்ஸ் குரூப் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். டவுனில் ஒரு இடத்தில் ஒரு வருஷ நர்சிங் இருக்கிறது, 40,000 ரூபாய் என்கிறார்கள். மாமியார், படித்தது போதும், மாப்பிள்ளை பார்ப்போம் என்கிறார். எனக்கும் ஒரு தொழில் கற்றுக்கொள்ள ஆசை. தையல் பயிற்சிக்கு 18,000 கேட்கிறார்கள், சர்டிபிகேட் கொடுப்பார்களாம். ஏற்கெனவே இரண்டு குழு லோனுக்கு வாரம் 1,250 கட்டுகிறேன். இன்னொரு லோன் எடுத்து நான் தையலில் சேரலாமா, இல்லை அதை மகளுக்குக் கட்டலாமா?

இன்னொன்று, கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது. ஊற வைத்த பச்சரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். வேலை அலுப்பாகத்தான் இருக்கும்.

— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மகளைப் பற்றி, கடனைப் பற்றி, தையலைப் பற்றியெல்லாம் விளக்கமாக எழுதிவிட்டு, உடம்பைப் பற்றிக் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த நாலு வரியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தையல் காத்திருக்கும். லோன்காரர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள். உங்கள் உடம்பு இதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

பச்சரிசி தின்பதைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. உடம்பில் இரும்புச் சத்து தீர்ந்துபோனால் சிலருக்கு இப்படிச் சாப்பிடக் கூடாததன் மேல், சமைக்காததன் மேல் ஆசை வரும். சிலர் பச்சரிசி தின்பார்கள், சிலர் மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி, ஐஸ்கட்டி. சத்து ஏறினால் அந்த ஆசை தானாகவே போய்விடும். படி ஏறினால் மூச்சு வாங்குவதும், எட்டு நாளைக்கு மேல் உதிரப்போக்கு நிற்காததும் கூடச் சேர்ந்திருக்கும்போது, எனக்கு ரத்தசோகையின் மேல்தான் முதல் சந்தேகம். சிரித்தவர்களையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். மாவுத் தட்டைச் சுற்றி நீங்கள் நாலு பேர் உட்கார்ந்தால், அதில் இருவருக்காவது இருக்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அதை அதிக உதிரப்போக்கு என்கிறோம். 80 மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய 40 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. சாப்பாட்டிலிருந்து நம் உடம்பு எடுத்துக்கொள்வதோ நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். அதிலும் கொஞ்சம் அன்றாடம் செலவாகிவிடும். கட்டி கட்டியாகப் போகிறது என்றால் உங்களுக்கு 80 மில்லியைத் தாண்டியே போகும். இந்தப் பள்ளத்தை மாதுளையும் பீட்ரூட்டும் வெல்லமும் நிரப்பாது. நல்ல சாப்பாடு அவசியம்தான். முட்டை, மீன், ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), முருங்கைக்கீரை, பயறு எது கையில் சிக்கினாலும் சாப்பிடுங்கள். ஆனால் இந்த அளவுக்குக் குறைந்த பிறகு மாத்திரை இல்லாமல் மேலே ஏற முடியாது.

சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "கொஞ்சம் கம்மி" என்று சொன்னால் போதாது, எண் வேண்டும். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும். 8க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ரத்தசோகை. அப்படியானால் அன்றைக்கே காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வேலைக்குப் போக வேண்டாம்.

இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு போய் அடுக்களை அலமாரியில் வைத்துவிடுகிற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். கூடவே எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ எடுத்துக்கொண்டால் சத்து நன்றாக உள்ளே போகும். டீயும் காபியும் பாலும் அதைத் தடுக்கும், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். எண்ணெய்ச் சட்டி முன்னால் வேலை பார்க்கிறவர்கள் பசியை அடக்க மணிக்கு ஒரு டீ குடிப்பது எனக்குத் தெரியும். அந்த டீதான் சாப்பிட்ட கொஞ்ச நஞ்சச் சத்தையும் கெடுக்கிறது. எண் 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும், உடம்பில் இருப்பு சேர்வதற்காக. பூச்சி மாத்திரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ரத்தம் ஏன் இவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். கர்ப்பப்பைக் கட்டியா, தைராய்டா, ஹார்மோன் கோளாறா என்பது ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொல்லும். இங்கே ஒரு எச்சரிக்கை. "பிள்ளைதான் பெற்றாச்சே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். 36 வயதில் அது கடைசி வழி. உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. இதெல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்புத் தேய்மானமும் இதய நோயும் சீக்கிரமே வரும் ஆபத்து கூடும். சுமை தூக்கி, சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்கிற உடம்புக்கு அது பெரிய நஷ்டம்.

அதே நாளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். 30 வயது தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் அது வேண்டும். ஒரு திரவத்தைத் தடவிப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை, வலிக்காது. மார்பகமும் பார்த்துவிடுவார்கள்.

பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே செய்துவைப்பது நல்லது. கணவரின் முதுகுக்கும் இது நாளைக்கு உதவலாம்.

சரி, மகளுக்கு வருவோம். உங்கள் உடம்பைப் பார்க்கிற அதே வாரத்தில் இதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி உண்டு.

அந்த ஒரு வருஷ நர்சிங்குக்கு ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள். ஒரு வருஷத்தில் யாரும் செவிலியர் ஆவதில்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு செவிலியர் டிப்ளமோ 3 வருஷம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். மகள் உயிரியல் உள்ள குரூப்தான் என்றால் அவள் விண்ணப்பிக்கலாம். படித்து முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிந்தால்தான் செவிலியர். அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவரைக் குழுமம் பதியாது. அந்தப் பிள்ளைகள் தனியார் மருத்துவமனைகளில் உதவியாளர் என்ற பெயரில், செவிலியரின் வேலையைச் செய்துகொண்டு, வீட்டு வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தை வாங்குகிறார்கள். வெள்ளை உடுப்பைப் பார்த்துப் பெற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள். எனக்கு இதைப் போல வயிறு எரிகிற விஷயம் வேறு இல்லை. எந்த இடமாக இருந்தாலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று மகளையே போனில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை நம்ப வேண்டாம்.

அரசு நர்சிங் இடம் கிடைக்காமல் போகலாம், போட்டி அதிகம். அதனால் கலை அறிவியல் கல்லூரிக்கும் கூடவே விண்ணப்பம் போடுங்கள். காரைக்குடியில் அழகப்பா அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்கள் கல்லூரிதான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் உங்கள் பள்ளத்தூரிலேயே சீதாலட்சுமி ஆச்சி கல்லூரி இருக்கிறது, காரைக்குடியில் உமையாள் ராமநாதன் கல்லூரி இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார், இன்றைக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்க வருகிற ஊர். அதற்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற பலகார வேலைக்காரரின் மகள் அந்த வாசலைத் தாண்டாமல் போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ எல்லாவற்றுக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும், சேர்ந்ததும் கேட்கச் சொல்லுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் இந்தச் சான்றுகளுக்காகத்தான் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் தினப் போக்குவரத்துச் செலவும் குறைவு.

இனி உங்கள் தையல். 18,000 கொடுத்துப் படிக்க வேண்டாம். தையல்தான் வேண்டும் என்றால், சிவகங்கையில் ஐஓபி வங்கி நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கேளுங்கள். கிராமப்புறத்தவர்களுக்குப் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். பயிற்சி முடிந்த பிறகும் கடனுக்கு வழிகாட்டுவார்கள். அரசு ஐடிஐயில் தையல் தொழில்நுட்பப் பிரிவுக்கு எட்டாவது தேர்ச்சி போதும், பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் கிடையாது. ஆனால் அது தினமும் போக வேண்டிய படிப்பு. கூலியை விட்டுவிட்டுப் போக உங்களால் இப்போது முடியாது என்றே நினைக்கிறேன்.

அதைவிட, தையல்தானா என்று நான் கேட்பேன். பெண்களுக்குப் பயிற்சி என்றாலே தையல் மெஷினைத்தான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஊருக்கு ஊர் மெஷின் இருக்கிறது, தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. கை முறுக்கைப் பிசிறில்லாமல், ஒரே கனமாக, அஞ்சு சுற்று, ஏழு சுற்று என்று சுற்ற எத்தனை பேருக்கு வரும்? அச்சில் பிழியும் முறுக்கு எல்லா ஊரிலும் உண்டு. கையில் சுற்றியதற்குத்தான் செட்டிநாட்டுப் பலகாரம் என்று காரைக்குடிக்கு வந்து வாங்குகிறார்கள். உங்களுக்கு வேண்டியது கணக்குப் பார்க்கவும், பொட்டலம் போடவும், விலை வைக்கவும் தெரிவதுதான்.

கொட்டான் என்கிற பனை ஓலைக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சிமார்கள் கல்யாண வீட்டுக்காகப் பின்னிக்கொண்டிருந்த அந்தக் கலை அழிகிற நிலைக்கு வந்தபோது, விசாலாட்சி ராமசாமி தொடங்கிய அறக்கட்டளை இந்தப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்ததோடு நிற்கவில்லை, விற்கும் வழியையும் சேர்த்தே பார்த்தது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எந்தப் பயிற்சியில் சேரும் முன்பும் "முடித்த பிறகு இதை யார் வாங்குவார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அதற்காக நாளைக்கே வேலையை விட்டுவிட்டுக் கடை போடுங்கள் என்று சொல்லவில்லை. சோர்ந்து போயிருக்கிற பெண்களையெல்லாம் தொழில்முனைவோர் ஆகச் சொல்லும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. தொழில் என்றால் நஷ்டமும் உண்டு, அதைத் தாங்க உங்களிடம் இப்போது சேமிப்பு இல்லை. முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு கிலோ முறுக்குக்கு அரிசி, உளுந்து, எண்ணெய், எரிபொருள் எவ்வளவு ஆகிறது, உங்கள் நேரம் எவ்வளவு போகிறது, அது என்ன விலைக்கு விற்கிறது என்று ஒரு மாதம் எழுதி வாருங்கள். அதைப் பார்த்தால் இப்போது வாங்கும் கூலி நியாயமா என்று உங்களுக்கே தெரியும். கூலியைக் கூட்டிக் கேட்பதும் முன்னேற்றம்தான். வேலை இல்லாத மாதங்களில் வீட்டிலிருந்து சிறிய அளவில் ஆர்டர் எடுத்துப் பாருங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் வருஷத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

மூன்றாவது லோன் வேண்டாம். வாரம் 1,250 என்றால் மாதம் 5,400க்கு மேல், உங்கள் வருமானத்தில் பாதிக்கும் அதிகம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன், அதாவது இந்த மாதிரிச் சிறு கடன், கொடுக்கக் கூடாது. இன்னொரு நிறுவனம் கொடுக்க முன்வந்தால் அது உங்கள் நன்மைக்காக அல்ல. இருக்கிற கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடவும் கூடாது, சிறியதை முதலில் அடைத்து முடியுங்கள்.

வாரா வாரம் கட்டுவதைப் பார்த்தால், நீங்கள் குழு லோன் என்று எழுதியது தனியார் நுண்கடன்தான். அங்கே பத்துப் பேரைச் சேர்த்து உட்கார வைப்பது வசூலுக்காக மட்டுமே. மகளிர் சுய உதவிக் குழு வேறு. அதில் உங்கள் சேமிப்பு இருக்கும், கணக்குப் புத்தகம் உங்கள் கையில் இருக்கும், குழு ஒழுங்காக நடந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு வங்கிக் கடன் கிடைக்கும், 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில். அரசுப் பள்ளிகளில் காலை உணவு சமைக்கிறவர்கள் இந்தக் குழுப் பெண்கள்தான். உங்கள் ஊராட்சியில் நடக்கும் குழுவில் இடம் இருக்கிறதா என்று அந்தக் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பில் கேளுங்கள்.

படிப்பை விட்டுவிட்டோம் என்ற ஏக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. பத்தாவதை, பள்ளியில் சேராமலே, நேரடித் தனித்தேர்வராக எழுதலாம், வயது தடையில்லை. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், அதை மறந்தால் ஒரு வருஷம் போய்விடும். அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கே இப்போது பத்தாவது கேட்கிறார்கள். ஆனால் இந்த வருஷம் வேண்டாம். ரத்தம் ஏறட்டும். ரத்தசோகையில் படித்தது மனதில் நிற்காது, நாலு பக்கம் புரட்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும். அதை உங்கள் அறிவுக் குறை என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அடுத்த வருஷம் மகள் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

மாமியாரோடு சண்டை போட வேண்டாம். அவருக்கும் வயதாகியிருக்கும், சுகாதார நிலையத்துக்கு நீங்கள் போகும்போது அவரையும் கூட்டிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அங்கே ரத்தம் எடுக்கிற, மாத்திரையை விளக்கிச் சொல்கிற செவிலியரைக் காட்டி, "அத்தை, நம்ம பிள்ளை இந்த வேலைக்குத்தான் படிக்கக் கேட்கிறது" என்று சொல்லுங்கள். கல்யாணப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

பரிசோதனை முடிவு வந்ததும் அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.